ஒரு திரை, இரண்டு கீபோர்டு

அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை என்று ஒன்று இருந்தது. அதில் யாரும் சாப்பிட்டதில்லை. தட்டு வைக்க இடமிருந்தால்தானே. நடுவில் பெரிய கம்ப்யூட்டர் திரை ஒன்று, அதற்கு முன்னால் அக்கம்பக்கமாக இரண்டு நாற்காலிகள், இரண்டு கீபோர்டுகள். இரண்டு கீபோர்டின் வயரும் ஒரே கம்ப்யூட்டருக்குள்தான் போயின. இடது நாற்காலி கணவருக்கு, வலது நாற்காலி மனைவிக்கு.

புதிதாக ஒரு வாஷிங் மெஷின் வாங்கிப் பெட்டியைப் பிரித்தால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் விழுமே, அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் அலமாரியில் செருகிவிடுவோமே, அதை எழுதுகிறவர்கள் இவர்கள்தான். யாருமே படிக்காத புத்தகத்துக்காக இவ்வளவு சண்டை போட்டுக்கொண்ட தம்பதியை வேறெங்கும் பார்க்க முடியாது.

வேலையை அவர்கள் பங்கு போட்டிருந்த விதம் நியாயமானது. கணவர் மடையர். அதாவது, தொழிலுக்காக மடையர். புது மெஷின் வந்ததும் ஒன்றும் தெரியாதவர்போல அதை எதிர்கொள்வார். எல்லாப் பித்தானையும் ஒரே சமயத்தில் அழுத்துவார், தண்ணீர் ஊற்றக் கூடாத ஓட்டையில் ஊற்றுவார், கதவைத் தலைகீழாக மாட்டப் பார்ப்பார். 'மூடியைத் திறந்த பிறகு ஊற்றவும்' என்று கையேட்டில் படித்தால் நமக்குச் சிரிப்பு வரும். அவர் மூடியைத் திறக்காமல் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் அந்த வாக்கியத்தை எழுதியிருப்பார். அதை ஒழுங்குபடுத்துவது மனைவியின் பாடு. தலைப்பு, எண் வரிசை, படம், பொருளடக்கம் எல்லாம் அவள் கை வைத்தால் ராணுவ அணிவகுப்பு மாதிரி நேராக நிற்கும்.

முன்பு ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருந்தது. இருவரும் தனித்தனியாகத் திருத்தியதில் ஒரு மிக்ஸிக் கையேடு, மூடியைப் போடச் சொல்லி இரண்டு தடவையும் சுவிட்சை அணைக்கச் சொல்லி ஒரு தடவைகூட இல்லாமலும் அச்சாகிவிட்டது. அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மனைவியின் தம்பி வந்து, ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கீபோர்டைச் செருகிக் கொடுத்தான். இனிமேல் யார் கெடுத்தாலும் இரண்டு பேருக்கும் உடனே தெரிந்துவிடும் என்பது அவன் கணக்கு. ஒருவர் அடிக்கும்போது அடுத்தவர் கை மடியில் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டுவிட்டுப் போனான். மனசு நன்றாக இருந்த நாட்களில் அந்தச் சட்டம் செல்லுபடியானது.

மனைவி மவுஸைத் தொடமாட்டாள். அவளுக்கு எல்லாமே விரல் நுனியில். கன்ட்ரோலோடு ஒரு எழுத்து, ஆல்ட்டோடு ஒரு எழுத்து, ஷிஃப்டோடு ஒரு அம்புக்குறி என்று விரல்கள் ஓட, திரையில் பாராக்கள் எழுந்து நடந்து வேறு இடத்தில் போய் உட்காரும். கணவரோ மவுஸ் கட்சி. ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்க வேண்டுமென்றால் மவுஸைப் பிடித்து இழுப்பார். கடைசி எழுத்து விட்டுப்போகும். மறுபடி இழுப்பார், அடுத்த வரியும் சேர்ந்து வரும். 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு மூன்றாவது தடவை இழுப்பதற்குள் வலது பக்கத்திலிருந்து ஒரு 'டக்' கேட்கும். சொல் தடித்திருக்கும். இப்படியே காலம் ஓடியதால் அவருக்கு எதையும் கற்றுக்கொள்ளும் அவசியம் வரவில்லை.

அவருக்குத் தெரிந்த ஒரே ஷார்ட்கட் கன்ட்ரோல் இசட். அதைக் கற்றுக்கொடுத்தது கோபம். 'எச்சரிக்கை' என்ற தலைப்பு மேலே வருவதா கீழே வருவதா என்ற தகராறில் அவள் மேலே போட, அவர் கன்ட்ரோல் இசட் அடித்து அழிக்க, அவள் கன்ட்ரோல் ஒய் அடித்து மீண்டும் கொண்டுவர, அந்த எச்சரிக்கை கார் இண்டிகேட்டர் மாதிரி வெகுநேரம் மின்னி மின்னி அணைந்தது. மாடி வீட்டுக்காரம்மாவுக்குச் சத்தத்தை வைத்தே எல்லாம் தெரியும். மழை போலச் சடசடவென்று கேட்டால் வேலை நடக்கிறது, ஒற்றை ஒற்றையாகப் பலமாகக் கேட்டால் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் அந்த வேலை வந்து மோதியது. இவர்களுக்கு அதிகமாக எழுதக் கொடுக்கும் கம்பெனியின் மேலாளர் அம்மாள், கையேட்டுப் பிரிவுக்குத் தலைவியாக வந்துவிடும்படி மனைவியை அழைத்திருந்தார். தனி அறை, ஜன்னல், கீழே வேலை பார்க்க இரண்டு பேர். வார முடிவுக்குள் பதில் வேண்டும்.

அவள் அதைப் பூண்டு உரித்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்ப முடியும் என்றாள். கொஞ்ச நேரம் தோலை ஊதிக்கொண்டிருந்துவிட்டு, "மத்த கம்பெனி வேலையெல்லாம் நீங்க தனியா பார்த்துக்க முடியும்னா போறேன். முடியாதுன்னா வேணாம்" என்றாள்.

தாராளமாகப் போகச் சொன்னார் கணவர். இதெல்லாம் ஒரு கேள்வியா என்றுகூடக் கேட்டார். வாய்தான் அப்படிக் கேட்டது, உள்ளே பயம். வேலையைப் பற்றி அவருக்குப் பயமில்லை. வலது நாற்காலி காலியாக இருக்கும் என்பதுதான் பயம். காலையிலிருந்து சாயங்காலம் வரை சண்டை போட ஆளில்லாமல் ஒரு மனிதன் எப்படி உட்கார்ந்திருப்பது? அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அன்று இரவு படுத்தபோது அவள் சொன்னதில் பாதிதான் அவர் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது: முடியாதுன்னா வேணாம்.

மறுநாளே வகுப்பு ஆரம்பமானது. முதல் வேலையாக மனைவி மவுஸைப் பிடுங்கி அடுப்படியில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். பிறகு அவர் விரலைப் பிடித்துக் கன்ட்ரோல்மேல் வைத்தாள். சி அடித்தால் நகல் எடுக்கும், வி அடித்தால் ஒட்டும் என்றாள். ஒட்டுவதற்கு ஏன் வி என்று கேட்டார் அவர். காரணம் கேட்காமல் அழுத்தச் சொன்னாள். பேஸ்ட்டுக்கு பி-தான் பொருத்தம் என்று வாதாடி, கன்ட்ரோலோடு பி-யை அழுத்தி, வந்த பெட்டியில் பெருந்தன்மையாக ஓ.கே.யும் கொடுத்தார். அடுத்த அறையில் பிரிண்டர் கண்விழித்து, வாட்டர் ஹீட்டர் கையேடு முழுவதையும் துப்பியது.

மடையராக நடிப்பது அவருக்கு வயிற்றுப்பிழைப்பு. ஆகவே அதை அவர் அரைகுறையாகச் செய்யவில்லை. எதையும் தேர்ந்தெடுக்காமலே நகல் எடுத்துவிட்டு, ஒன்றும் ஒட்டவில்லையே என்று அப்பாவியாக முழித்தார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் கன்ட்ரோல் ஏ-யை அடித்துவிட்டு, அதன்மேல் தும்முவதுபோலக் கை தவறி ஒரு எழுத்தை அடித்தார். கையேடு முழுவதும் மறைந்து ஒற்றை 'க' மட்டும் திரையில் நின்றது. சேமிக்கச் சொன்னால் மூடினார். மூடச் சொன்னால் புதிதாக ஒன்றைத் திறந்தார். இரண்டே விரலால் அழுத்த வேண்டியதற்கு மூன்றாவது விரலையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, திரையைப் பக்கவாட்டில் திருப்பிவைத்த பெருமையும் அவருக்கு உண்டு. அதை நேராக்க மைத்துனன் கடையிலிருந்து ஓடிவர வேண்டியிருந்தது. வந்தவன், அத்தான் இந்த வயதிலும் கம்ப்யூட்டருக்கு இப்படிச் சவால் விடுகிறாரே என்று மெச்சிவிட்டுப் போனான்.

எல்லாம் திட்டப்படி நடந்தது, ஒன்றைத் தவிர. மனைவிக்குக் கோபம் வரவில்லை. ஒரு கமா இடம் மாறினால் கடித்துக் குதறுகிறவள், இப்போது ஒவ்வொரு தடவையும் விரலைப் பிடித்து மறுபடி வைத்து, பரவாயில்லை, இன்னொரு தடவை பார்க்கலாம் என்றாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்தப் பொறுமைதான் அவரை உறுத்தியது. இருந்தாலும் நடிப்பை நிறுத்தவில்லை. மனிதர் அவ்வளவு நல்லவரில்லை.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒருநாள் அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். ஒரு வாக்கியம் அவர் கண்ணை உறுத்தியது. மவுஸ் அடுப்படியில் இருந்தது, எழுந்துபோகச் சோம்பல். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டிப் பார்த்தார். அது எழுத்தெழுத்தாக ஊராமல் சொல்சொல்லாகத் தாவியது. ஷிஃப்டையும் சேர்த்துக்கொண்டார். தாவிய சொற்களெல்லாம் நிறம் மாறி அவர் சொன்ன பேச்சு கேட்கக் காத்திருந்தன. அடடே, இதுவா விஷயம் என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அவள் குளிக்கப் போனால் ஒரு ஷார்ட்கட், மாடி வீட்டுக்காரம்மாவிடம் பேசப் போனால் இரண்டு. ஆல்ட்டும் ஷிஃப்டும் பிடித்துக்கொண்டு மேல் அம்பைத் தட்டினால் ஒரு முழுப் பாரா மாடிப்படி ஏறுவதைக் கண்டபோது தனியாக உட்கார்ந்து சிரித்தார். உதவிப் பக்கங்களைத் திறந்து, தான் எழுதும் ஜாதியைச் சேர்ந்த கையேடு ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசிவரை படித்தார். கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி மடையரானார். பகலில் அவளிடம் தப்புத் தப்பாக அடிப்பதுதான் இப்போது கஷ்டமாக இருந்தது. சரியான விசைக்குப் போகும் விரலை இழுத்துப்பிடித்துத் தவறானதன்மேல் வைக்க வேண்டியிருந்தது.

வார முடிவும் வந்தது. அன்று மத்தியானம் மேலாளர் போன் செய்தார். போன் மணி அடித்தால் குளியலறைக்குப் போய்விடுவது கணவரின் வழக்கம். அன்று மட்டும் அசையாமல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். மேலாளர் முதலில் கேட்டது அந்த வேலையைப் பற்றித்தான் என்பது மனைவியின் முகத்திலேயே தெரிந்தது. அவள் கணவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இல்லைங்க மேடம். எனக்கு வீட்ல இருந்து பண்றதுதான் ஒத்துவருது. காலையில எழுந்து கிளம்பி ஓடறதெல்லாம் நமக்குச் சரிப்படாது. மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

விடிவதற்கு முன்னால் எழுந்து, தெருவே தூங்கும்போது நடந்துவிட்டு வருகிறவள் அவள். எங்கள் வீட்டுக்காரருக்கு எதுவும் ஏறவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. அது கணவருக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தச் சுருக்கைவிடப் பெரியதாக ஒரு நிம்மதி உடம்பெல்லாம் பரவியது. போகவில்லை. அவள் எங்கும் போகவில்லை. பாரம் இறங்கியதில் தோள், முழங்கை, விரல் எல்லாம் லேசாகிவிட்டன.

மேலாளர் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தார். நீராவி இஸ்திரிப் பெட்டியின் கையேடு அச்சகத்தில் காத்திருந்தது. கடைசி நேரத்தில் இன்ஜினியர்கள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள்: ப்ளக்கைச் செருகுவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றிவிட வேண்டுமாம். போனை வைக்காமல் அப்படியே மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். மனைவியின் ஒரு கையில் போன், மறு கையில் அச்சுப் பிரதி. அவள் சொல்லச் சொல்ல, கணவர் ஏழாம் பக்கத்தில் எச்சரிக்கை வாக்கியத்தை அடித்தார். தண்ணீர்த் தொட்டியின் படத்துக்கு என்ன எண் என்று மேலாளர் கேட்டதும் ஒரே தட்டில் கோப்பின் தொடக்கத்துக்குப் போனார். இரண்டாம் பக்கத்தைப் பார்த்து எண்ணைச் சொன்னார். இன்னொரு தட்டில் ஏழாம் பக்கத்தில், விட்ட அதே வாக்கியத்தின் வாலில் வந்து நின்றார். தண்ணீர் ஊற்றும் பாராவைத் தட்டித் தட்டி மேலே ஏற்றி, ப்ளக்கின் தலைக்குமேல் உட்காரவைத்து, எண்கள் சரியானதைப் பார்த்து, சேமித்து, முடிந்தது என்று தலையசைத்தார். மேலாளர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மனைவி அச்சுப் பிரதியைக் கீழே வைத்தாள். "ரெண்டாம் பக்கத்துலேர்ந்து ஏழுக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்டாள்.

இந்த இடத்திலாவது அவர் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் தனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் ஆசையாகக் கேட்கும்போது வாயை மூடிக்கொள்கிற ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. ஷிஃப்டும் எஃப் ஃபைவும் சேர்த்து அடித்தால், கடைசியாக எங்கே திருத்தினோமோ அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடும் என்று விளக்கினார். அவள் தன் கீபோர்டில் அடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் போய்த் திரும்பவும் அடித்தாள். முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷமாகப் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தேனே என்று வியந்தாள். அவருக்கும் பெருமை தாங்கவில்லை. இதைவிட நல்லதெல்லாம் இருக்கிறது என்றார்.

அவள் விரல்கள் அப்படியே கீபோர்டில் நின்றன.

"எனக்கே தெரியாததை உங்களுக்கு யாருங்க சொல்லிக்கொடுத்தது?"

கையும் களவுமாக மாட்டியவருக்கு அசடு வழிந்தது. சும்மா, அதுவாக வந்தது என்றார். மவுஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அடுப்படியில் என்றார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. வாட்டர் ஹீட்டர், ஒற்றை 'க', பக்கவாட்டில் திரும்பிய திரை எல்லாம் அவள் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக வந்துபோவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கத்தியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் கத்தவில்லை.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போகமாட்டே. பழி என் தலையில விழும்."

"இப்பவும் போகலையே."

"இப்ப நான் சொல்லி நிக்கலையே. எனக்கு வரலைன்னுதானே நிக்கிறே."

சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவர் காதுக்கே எட்டியது. வருஷக் கணக்காக மற்றவர்களுக்கு எச்சரிக்கை எழுதிய மனிதர்.

"அந்தம்மாகிட்ட உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு என்னை நானே சோம்பேறின்னு சொல்லிக்கிட்டேன்" என்றாள் அவள். எழுந்து ஜன்னல் பக்கம் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மேலே மாடி வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்தம்மாளுக்கும் இந்த மௌனம் புதுசு போலிருக்கிறது.

அவர் காலி நாற்காலியைப் பார்த்தார். அவள் ஆபீஸுக்குப் போனால் அது எப்படியிருக்கும் என்று இத்தனை நாள் நினைத்துப் பயந்தது இதைத்தான். அவள் போகாமலே அது காலியாகிவிட்டது. இப்படி வீட்டுக்குள்ளேயே நான்கடி தள்ளிப் போய்விடுவதற்கு, அவள் ஆபீஸுக்கே போய்ச் சாயங்காலம் திரும்பி வந்து திட்டினால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

போனை எடுத்தார். கடைசியாக வந்த எண்ணையே அழுத்தினார். மணி அடிக்கும்போது குளியலறைக் கதவை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டார். மேலாளர் எடுத்து, இன்னும் ஏதாவது திருத்தம் இருக்கிறதா என்று கேட்டார்.

"ஆமாங்க மேடம், ஒரு திருத்தம்" என்றார் அவர். "என் வீட்டுக்காரி சொன்னது சரியில்லை. அவளுக்கு ஆபீஸ் ஒத்துவரும். ஒத்துவராதது எனக்குத்தான். அவ போகக் கூடாதுன்னு, எனக்கு ஒண்ணும் கத்துக்க வரலைங்கிற மாதிரி நடிச்சேன்."

எத்தனையோ மெஷின் புகார்களைக் கேட்டுப் பழகிய அம்மாளுக்கும் இப்படி ஒன்று வந்ததில்லை போலும். இப்போது எல்லாம் வருமா என்று ஜாக்கிரதையாகக் கேட்டார். வரும் என்றார். அப்படியானால் அங்கே தனியாகச் சமாளித்துவிடுவீர்களா என்று கேட்டார்.

"வேலையைச் சமாளிச்சுடுவேன் மேடம். வேலையெல்லாம் நடந்துடும். அவ பக்கத்துல இல்லாம எனக்குத்தான் நாள் ஓடாது."

"இதை நீங்க அவங்ககிட்ட இல்ல சொல்லணும்?"

"இங்கதான் நிக்கிறா. அவகிட்ட நேரா சொல்ல வாய் வராமத்தான் உங்களுக்குப் போன் பண்ணேன்."

ஜன்னலிலிருந்து அவள் எப்போது வந்தாள் என்று அவருக்குத் தெரியாது. போன் அவர் கையிலிருந்து போய்விட்டிருந்தது. அவள் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள். எத்தனை மணிக்கு, எந்த மாடி, முதல் நாள் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஆபீஸ் குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். அவளுடைய இன்னொரு கை அவர் சட்டையின் முழங்கைப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தது. பேசி முடித்துப் போனை மேஜைமேல் வைத்த பிறகும் அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.